வால்பாறைக் குளிரில் மூன்றாவது ஆள்

மில் நர்சு வெங்கடலட்சுமி தன் மூச்சு புகையாக வெளியே போவதை நாற்பத்தாறாவது வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தாள். வெள்ளகோவில் பக்கத்து மேட்டாங்காட்டில் பிறந்தவளுக்கு வெயிலைப் பற்றித்தான் தெரியும். பீடி இல்லாமலே புகை விடலாம் என்பதை வால்பாறை மைதானத்தில், ஒரு தடித்த டயர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தெரிந்துகொண்டாள்.

"நல்லா ஊதுங்க நர்சம்மா. இஞ்சின் சூடானாத்தான் வண்டி ஏறும்" என்றான் பக்கத்தில் நின்ற கண்ணையா. மில்லில் ஃபிட்டர். குள்ளம், உருட்டுக்கட்டை போல உடம்பு.

"உன்ற வாயை மூடு. உள்ள இருக்கற சூடும் போயிரும்."

மூன்றாவதாக நின்ற வேலன் சிரிக்கவில்லை. பாதை தொடங்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம், மார்கழி முதல் ஞாயிறு. எஸ்டேட் கிளப் ஒன்று மில் அணிகளுக்காக நடத்திய மலை சைக்கிள் பந்தயம். தார்ரோடு கிடையாது. தேயிலைக் காடுகளுக்குள் போகும் மண் பாதை, கல், ஓடை, சோலை என்று ஒரு பெரிய வட்டம் சுற்றி அதே மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். ஏற முடியாவிட்டால் தள்ளிக்கொண்டு நடக்கலாம். ஆனால் பின்னால் வரும் ஜீப்பில் ஏறினால் ஆட்டம் முடிந்தது. ஓர் அணிக்கு மூன்று பேர். மூவரும் மத்தியானச் சங்குக்கு முன்னால் வந்தால்தான் அணி கணக்கில் வரும்; ஒருவர் குறைந்தாலும் மற்ற இருவர் ஓட்டியது ஓட்டியதோடு சரி. முழுசாக வந்த அணிகளில் யாருடைய ஆள் முதலில் வந்தானோ அவர்களுக்குக் கோப்பை.

வேலன் ஆறு வருஷமாக அந்த மில்லில் பதிலி ஆள். தினமும் காலையில் வாசலில் வந்து நிற்க வேண்டும். உள்ளே யாராவது வராமல் போனால் கூப்பிடுவார்கள். எல்லாரும் வந்துவிட்டால் சோறு கட்டிவந்த தூக்குப்போசியோடு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். கூப்பிட்ட நாட்களில் கோன் டிபார்ட்மெண்டில் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுவான். மேனேஜர் சுந்தரராஜுலு எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார்: "கோப்பை வந்தா தை ஒண்ணாந்தேதி வேலன் பர்மனெண்ட்." கோப்பை வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. வேலனுக்கு அது தெரியும்.

இதில் வெங்கடலட்சுமி எப்படி வந்தாள் என்றால், தப்பு அவள் பேரில்தான். மூன்றாவது ஆளாக இருந்த பையனுக்கு அம்மை போட்டிருந்தது. அவன் முகத்தில் இரண்டு கொப்புளத்தைப் பார்த்த உடனே, வேப்பிலையைச் செருகிக்கொண்டு வீட்டோடு இரு, இந்தப் பக்கம் தலை காட்டாதே என்று அனுப்பியவள் அவள். மறுநாள் வேலன் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றான். கேட்க எதுவும் இல்லாதவன் நிற்பதுபோல் நின்றான்.

"வேற ஆளு இல்லியா?" என்றாள்.

"மில்லுல சைக்கிள் ஓட்டத் தெரியாத ஆளு யாருங்க. மலையில ஓட்ட ஒருத்தனும் வரமாட்டேங்கறான். போன வருசம் ஒருத்தன் காலை ஒடிச்சிக்கிட்டானாமா."

வெங்கடலட்சுமி அன்று மாலையே மேனேஜர் அறைக்குப் போனாள். அவள் சைக்கிள் ஓட்டுவது மில்லில் யாருக்கும் புதிதல்ல. பிரசவமானவளைப் பார்க்க, வேலைக்கு வராதவன் நிஜமாகவே காய்ச்சலில் கிடக்கிறானா என்று பார்க்க, சிங்காநல்லூர்ச் சந்துகளிலும் வாய்க்கால் மேட்டிலும் பத்தொன்பது வருஷமாக வெள்ளைச் சேலையோடு ஓட்டிக்கொண்டிருப்பவள்.

"பொம்பளையை அனுப்புனா நாலு மில்லுக்காரனும் சிரிக்கமாட்டானா?" என்றார் சுந்தரராஜுலு.

"சிரிக்கட்டுங்க. சிரிச்சா நெஞ்சுச்சளி இளகும்."

மில்லில் சம்பளம் வாங்குகிற ஆளாக இருக்க வேண்டும் என்றுதான் விதி இருந்தது. ஆணா பெண்ணா என்று விதியில் ஒன்றும் இல்லை. அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வீட்டில் அவள் கணவர் அரங்கசாமி, பம்புசெட் பட்டறைக்காரர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "காலு போச்சுன்னா மாவுக்கட்டு யாரு போடறது?" அதையும் தானே போட்டுக்கொள்வதாக அவள் சொன்னாள். மகன் வம்சியின் பேண்டில் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டு, மருதமலை அடிவாரத்து மண் பாதையில் மூன்று ஞாயிறு பழகினாள். முதல் ஞாயிறு மூன்று முறை விழுந்தாள். அடுத்த ஞாயிறு ஒரு முறை.

பந்தயத்துக்கு என்று சுந்தரராஜுலு புதுப் பனியன் அடித்துக் கொடுத்தார். மில்லின் சொந்த நூல், திருப்பூரில் பின்னியது. மார்பில் மில்லின் பெயர் பச்சை எழுத்தில். "நம்ம பஞ்சு, நம்ம நூலு. மேல வேற எதையும் போட்டு மறைக்கப்படாது" என்றார். பருத்தியிலேயே பிறந்து பருத்தியிலேயே சாகிற ஊரில் அது யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. கோயமுத்தூரில் பருத்தி வேர்வையை உறிஞ்சும், உடம்பு குளுகுளுவென்று இருக்கும். மலைக் குளிரில் அதே குணம் ஆளைக் கொல்லும். கண்ணையாவும் வேலனும் வெறும் உடம்பில் அந்தப் பனியனைப் போட்டிருந்தார்கள். வெங்கடலட்சுமியும் போட்டிருந்தாள். ஆனால் அடியில் எதைப் போடலாம் என்று மேனேஜர் சொல்லாததால், தெருவோரம் கடை போடும் திபெத்துக்காரர்களிடம் வாங்கிய ரோஸ் நிறக் கம்பளி ஸ்வெட்டரை உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதியது. இளவட்டங்கள் சேறு தெறிக்கப் பறந்தார்கள். அவளுக்கு அவசரம் இல்லை. முதலில் வரச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை. வந்து சேர்ந்தால் போதும். சின்னக் கியரில் போட்டு, நாடித்துடிப்பு காதில் கேட்காத அளவுக்கு மிதித்தாள். கேட்டால் இறங்கித் தள்ளினாள். தேயிலைக் காட்டு ஏற்றம் ஏமாற்றுகிற ஏற்றம். இந்த வளைவோடு முடிந்தது என்று தோன்றும், வளைவுக்கு அந்தப்பக்கம் அதைவிடப் பெரியது நிற்கும்.

ஓர் இடத்தில் மூட்டம் சட்டென்று விலகியது. அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டாள். கீழே சீப்பால் வாரியதுபோல் வரிவரியாகத் தேயிலை. அதற்கு மேல் கறுத்த சோலை. சோலைக்கு மேல் இன்னொரு மலை, அதன் தோளுக்கு மேல் இன்னொன்று. முடிந்தது என்று நினைத்த இடத்தில் வானம் என்று அவள் எண்ணியது வானம் அல்ல, பாறை. அத்தனை பெரிய ஒன்று இவ்வளவு நேரமும் வெறும் பத்தடி மூட்டத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்திருக்கிறது. கும்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பிணத்தைப் பார்த்தவள், பிரசவத்தைப் பார்த்தவள். இரண்டிலும் வராத ஒரு மிரட்சி முதுகுத்தண்டில் ஏறியது. மூட்டம் திரும்ப மூடிக்கொண்டது. அவள் மிதித்தாள்.

பிறகு தூறல் பிடித்தது. முழங்கால் ஆழத்து ஓடை ஒன்றைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்தாள். கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஓடை தாண்டியதும் நீண்ட இறக்கம், வெயிலே படாத சரிவு. மிதிக்க வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். காற்று ஈரத் துணிக்குள் கையை விட்டுத் துழாவியது. ஏற்றத்தில் வேர்த்தவனைக் குளிர் இறக்கத்தில்தான் பிடிக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, இறக்கத்தின் அடியில், பாதையோரக் கல்லின்மேல் வேலன் உட்கார்ந்திருந்தான். சைக்கிள் பக்கத்தில் கிடந்தது.

"என்னடா, பஞ்சரா?"

"இல்லீங்... சும்மா... உக்காந்திருக்கேன்." வார்த்தைகள் குடித்தவன் வார்த்தைபோல் வழுக்கின. உதடு நாவற்பழ நிறம். பனியன் உடம்போடு ஒட்டிச் சொட்டியது. நடுக்கம் விட்டுவிட்டு வந்தது.

நடுங்குகிறவனைப் பார்த்து நர்சுகள் பயப்படுவதில்லை. நடுக்கம் ஓய்ந்துபோகிறவனைப் பார்த்தால்தான் பயம். உடம்பு தன் அடுப்பைத் தானே அணைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெங்கடலட்சுமி அவன் பனியனின் கீழ் ஓரத்தைப் பிரித்து ஒரு நூலை உருவி, அறுத்து, இரண்டு முனையையும் அவன் கையில் கொடுத்தாள்.

"முடிச்சுப் போடு."

கண்ணை மூடிக்கொண்டே ஒரு நாளைக்கு ஆயிரம் முடிச்சுப் போடுகிறவன். விரல்கள் ஒன்றையொன்று தேடின. நூல் கீழே விழுந்தது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

சற்றுத் தள்ளி எஸ்டேட் லயம். வரிசை வீடுகளின் ஓட்டுக்கு மேலே புகை தெரிந்தது. அவனைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போய் முதல் கதவைத் தட்டினாள். திறந்தவள் ராமாத்தாள், தேயிலை பறிக்கிறவள், காங்கேயம் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தவள். ஞாயிற்றுக்கிழமைக் குளியலுக்கு அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"அட சாமி. தூக்கி ஊத்துங்க அம்மிணி, வெந்தண்ணி தயாரா இருக்குது."

"ஊத்தப்படாது. ரெண்டு பாட்டில்ல ரொப்பிக் குடுங்க. துணி சுத்தி அக்குள்ள வெக்கணும். அப்புறம் கடுங்காப்பி, சக்கரை நெறைய."

மூலையில் உட்கார்ந்திருந்த ராமாத்தாளின் புருஷன் ஆர்வமாக எழுந்தார். "அதெல்லாம் வேண்டாமுங்க. எங்கிட்ட ஒரு சரக்கு இருக்குது. ஒரே மடக்கு, ஆளு ஏறி ஓடுவான்."

"ஓடுவான், சுடுகாட்டுக்கு. அதைக் குடிச்சா இருக்கற சூடும் தோலு வழியா ஓடிப்போயிரும். நீங்களே குடிச்சுக்குங்க."

"நானு குடிச்சாச்சுங்க" என்று அவர் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

ஈரத்துணியைக் கழற்றப் போனபோது வேலன் பனியனை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "வேண்டாமுங்க நர்சம்மா."

"மில்லுல பாதிப் பேருக்கு இடுப்புல ஊசி போட்டிருக்கேன். பல பேரை எனக்கு மூஞ்சியில அடையாளமே தெரியாது. கையை எடு."

துடைத்து, உலர்ந்த வேட்டியைச் சுற்றி, ராமாத்தாளின் கம்பளியில் பொதிந்து, அடுப்பை ஒட்டி, ஆனால் மிகவும் நெருங்காமல் உட்கார வைத்தாள். காப்பி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. அப்புறம் நடுக்கம் வந்தது. பல் அடித்துக்கொள்ள, பாட்டில் குலுங்க, கம்பளியோடு அவன் முழு உடம்பும் ஆடியது. ராமாத்தாள் பயந்துபோய்த் திருநீற்றைத் தேடினாள். வெங்கடலட்சுமிக்கு அந்த வீட்டில் நுழைந்த பிறகு முதல் முறையாக மூச்சு நேராக வந்தது. அணையப்போன அடுப்பைத் தானே ஊதிப் பற்றவைத்துக்கொள்ள உடம்பு படுகிற பாடு அது. குளிர்காய்ச்சல்காரர்களிடம் எத்தனை தடவை பார்த்தும் அவளுக்கு அது பழகவில்லை.

வெளியே ஜீப் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "ரெண்டு பேரும் ஏறிக்கிறீங்களா?" என்றார்.

வேலனுக்குப் புத்தி திரும்பியிருந்தது. "நர்சம்மா, நானு நல்லாயிட்டேன். போலாமுங்க."

"முடிச்சுப் போடு." இன்னொரு நூலைக் கொடுத்தாள். முடிச்சு விழுந்தது, பிடித்து இழுத்ததும் நழுவியது. "ஆகலை. உக்காரு."

"நேரம் போவுதுங்க."

"போகட்டும்."

"ஆறு வருசம் வாசல்ல நின்னேனுங்க. இந்த ஒண்ணுதான் வந்துது. என்ற பொழப்பைக் கெடுத்துப்போடாதீங்க."

"பொணத்துக்கு யாரும் பர்மனெண்ட் குடுக்கமாட்டாங்க. காப்பியைக் குடி."

அவன் அழுதான். அவள் பார்க்காததுபோல் வாசலுக்கு வந்தாள். டிரைவரிடம், "கொஞ்சம் நிறுத்தி வைங்க. அவன் கை சொல்றதுதான் முடிவு. ஆகலைன்னா நானே ஏத்தி விட்டுர்றேன்" என்றாள். அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். அவன் வேலையும் அவன் உயிரும் ஒரே தட்டில் இல்லை என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆனாலும் அம்மை போட்டவனை அனுப்பியவளும் அவள்தான், இவனை நிறுத்துகிறவளும் அவள்தான்.

ராமாத்தாள் சூடாகக் களி கிண்டிக் கொடுத்தாள். அவன் ஆத்திரத்தோடு தின்றான். தின்று முடித்ததும் கேட்காமலே கையை நீட்டினான். அவள் நூலைக் கொடுத்தாள். விரல் அசைந்தது தெரியவில்லை. முடிச்சு விழுந்திருந்தது. இழுத்தாள், நழுவவில்லை. இரண்டாவது, மூன்றாவது. நின்றது.

"இப்பப் போலாம். ஜீப்பு பின்னாலேயே வரும். நாக்குக் குழறுச்சுன்னா நானு ஏத்திருவேன், பேசப்படாது."

பனியனை அவன் திரும்ப எடுத்தபோது அதைப் பிடுங்கி ஒரு மூலையில் போட்டாள். திரும்பி நின்று, பனியனுக்கு அடியில் போட்டிருந்த தன் ரோஸ் ஸ்வெட்டரைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். கழுத்தைச் சுற்றிப் பூ வேலைப்பாடு. வேலன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், போட்டுக்கொண்டான். ராமாத்தாள் தன் கம்பளியை வெங்கடலட்சுமியின் மேல் போர்த்தி, இடுப்பில் கயிற்றால் கட்டிவிட்டாள். "எப்பத் திருப்பித் தாரீங்களோ அப்பத் தாங்க" என்றாள்.

அதன் பிறகு கதை தலைகீழாகிவிட்டது. சூடும் சாப்பாடும் உள்ளே போன இருபத்தெட்டு வயது உடம்பு, கயிறு அறுந்த கன்றுபோல் மேட்டில் ஏறியது. வெங்கடலட்சுமி பின்தங்கினாள். கம்பளி ஈரத்தைக் குடித்துக் கனத்தது, காற்று கீழ்வழியாக நுழைந்தது. இப்போது அவன் காத்திருக்க வேண்டியிருந்தது. அவன் மட்டும் போய்ச் சேர்ந்து பிரயோஜனமில்லை. அவள் சைக்கிளை அவன் தொட்டுத் தள்ளவும் விதி விடாது. வேலன் திரும்பி வந்து பக்கத்திலேயே ஓட்டினான்.

"நர்சம்மா, ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க குடுக்கற ரோஸ் கலர் மருந்து இருக்குதுல்ல, அதை ஒருத்தனும் குடிக்கறதில்லீங்க. டிபார்ட்மெண்டுல ஜன்னல் வழியாக் கொட்டிருவோம்."

"கொட்டுவீங்களா?"

"ஜன்னலுக்குக் கீழ வேப்பஞ்செடி நல்லா வளருதுங்க."

"நாளைக்கு ஒவ்வொருத்தனையும் எம்முன்னால நின்னு குடிக்க வெக்கறேன்." கோபத்தில் பெடலை ஓங்கி மிதித்தாள். கொஞ்சம் சூடு ஏறியது. அவன் அதற்காகத்தான் சொன்னான் என்பது அடுத்த வளைவில்தான் புரிந்தது. புரிந்த பிறகும் அவனை விடாமல் திட்டிக்கொண்டே மிதித்தாள்.

கடைசி மேட்டின் தலையில் வேலன் திடீரென்று பிரேக் பிடித்து, கையை நீட்டி அவளையும் நிறுத்தினான். மூட்டத்துக்குள் பாதையின் குறுக்கே ஒரு பாறை நகர்ந்தது. பின்னால் இன்னொன்று. காட்டுமாடுகள். ஆள் உயரத்துக்குத் திமில், வெள்ளைக் காலுறை போட்டதுபோல் கால்கள். நடக்கிற சத்தமே இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும், பட்டறைத் துருத்திபோல். பெரியது ஒன்று பாதையின் நடுவில் நின்று அவர்களைத் திரும்பிப் பார்த்தது. ஜீப்காரர் தூரத்திலேயே இஞ்சினை அணைத்துவிட்டார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்த மாட்டின் ஒரு கண்ணுக்கு முன்னால் சங்கு, கோப்பை, மேனேஜர், மில் எதுவும் இல்லை. வெங்கடலட்சுமிக்குத் தன் குளிர்கூட நினைவில் இல்லை. அதன் மூக்கிலிருந்தும் புகை வந்தது, இவர்கள் மூக்கிலிருந்தும் புகை வந்தது. அவ்வளவுதான் அந்த இடத்தில் நடந்தது. அது தலையைத் திருப்பிக்கொண்டு, அவசரமில்லாமல் தேயிலைக்குள் இறங்கியது. கடைசிக் கன்று கடந்து போகும்வரை இருவரும் அசையவில்லை.

"போகலாங்களா?" என்றான் வேலன், கோயிலுக்குள் பேசுவதுபோல்.

அங்கிருந்து மைதானம்வரை இறக்கம். என்ன பிரேக், என்ன கல் என்று அவள் பார்க்கவில்லை. கீழே எல்லைக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கியிருந்தவர்களைக் கண்ணையா நெஞ்சால் தள்ளி மறித்துக்கொண்டு நின்றான். "இன்னும் சங்கு ஊதலீல்ல? ஊதறதுக்கு முன்னால சுருட்டுவியா?" அவன் எப்போதோ வந்துவிட்டிருந்தான், எல்லாருக்கும் முன்னால். வேலன் ஒரு கணம் வேகத்தைக் குறைத்து அவளை முன்னால் விட்டான். இரண்டு சைக்கிளும் கோட்டைக் கடந்து, யாரோ கொடுத்த டீயில் அவள் பாதி குடித்த பிறகுதான் எஸ்டேட் சங்கு ஊதியது.

அன்று மூன்று பேரும் சக்கரத்தோடு வந்து சேர்ந்த அணிகள் இரண்டுதான். மற்றவர்களில் யாராவது ஒருவராவது ஜீப்பில் வந்திருந்தார்கள். கண்ணையா முதலில் வந்ததால் கோப்பை மில்லுக்கு.

சுந்தரராஜுலு சால்வையும் தொப்பியுமாக வந்தார். கூடவே பத்திரிகைக்குப் படம் எடுக்கும் ஆள், கையில் மூன்று உலர்ந்த புதுப் பனியன்கள். அவர் வேலனை மேலும் கீழும் பார்த்தார்.

"அதென்னப்பா ரோஸ் கலரு, பூவு வேற? கழட்டு. இதைப் போட்டுக்கிட்டுக் கோப்பையைப் புடி."

ஆறு வருஷத்தில் வேலன் மேனேஜரிடம் ஒரு முறைகூட முடியாது என்று சொன்னதில்லை. முடியாது என்று சொல்லும் பதிலி ஆளை மறுநாள் வாசலில் யாருக்கும் தெரியாது. கண்ணையா தரையைப் பார்த்தான். வெங்கடலட்சுமி வாயைத் திறக்கப்போனாள். அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"கழட்டமாட்டேனுங்க."

"என்ன?"

"பருத்தி போட்டுத்தானுங்க செத்துப்போகப் பாத்தேன். நர்சம்மா ஸ்வெட்டருதான் உசுரு குடுத்துது. கோப்பை வேணும்னா நீங்களே புடிச்சுக்குங்க. இதைக் கழட்டமாட்டேன்."

மைதானமே கேட்டது. சுந்தரராஜுலு தன் கையிலிருந்த பனியனைப் பார்த்தார். அதன் மார்பில் இருந்த மில்லின் பெயரைப் பார்த்தார். பிறகு கயிறு கட்டிய கம்பளியில் நின்ற நர்சைப் பார்த்தார். அவள் அவர் பார்வையை விடவில்லை. ஜீப் டிரைவர் பின்னாலிருந்து, "ஆமாங்க, நானும் பாத்தேன்" என்றார்.

"சரி, அப்படியே நில்லு. பேப்பர்ல கறுப்பு வெள்ளைதானே, கலரு தெரியாது" என்றார் மேனேஜர். அவள் பக்கம் திரும்பி, இருவருக்கும் வீட்டுப் பேச்சான தெலுங்கில் மெதுவாக, "அடுத்த வருஷம் என்ன போடலாம் என்று நீயே சொல்" என்றார்.

திங்கட்கிழமை வெங்கடலட்சுமி டிஸ்பென்சரியைத் திறந்தாள். நாற்காலியில் உட்கார முடியவில்லை, எழவும் முடியவில்லை. கோன் டிபார்ட்மெண்டிலிருந்து ஒவ்வொருவராக வரவழைத்து, ரோஸ் மருந்தை எதிரில் நிறுத்திக் குடிக்க வைத்தாள். ராமாத்தாளின் கம்பளியை வெயிலில் உலர்த்தி, கூடவே ஒரு புதுக் கம்பளியும் வாங்கி வால்பாறை பஸ்ஸில் அனுப்பினாள். மலையைப் பற்றி யார் கேட்டாலும் "பெருசு" என்று மட்டும் சொன்னாள். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

தை ஒன்றாம் தேதி பொங்கல் லீவு. இரண்டாம் தேதி காலையில் பதிலி ஆட்கள் வழக்கம்போல் மில் வாசலில் நின்றார்கள். வேலன் அவர்களோடு நிற்கவில்லை. தூக்குப்போசியை ஆட்டிக்கொண்டு நேராக உள்ளே போனான்.